கிழட்டு ஆடும் காக்கா மூக்கும்: வலையா, நைலான் நரம்பா, காவலா?

போன கார்த்திகையில் எங்கள் பட்டியில் ஒரு தாயாட்டுக்கு இடது கண் போனது. இரண்டு நாள் மழை விட்டிருந்த காலை. குளம்பிடுக்கில் புண் வந்து நொண்டிக்கொண்டிருந்த ஆடு அது. மற்றவை மேய்ச்சலுக்குக் கிளம்பிய பிறகும் சேற்றில் படுத்தே கிடந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டு நான் திரும்ப மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் ஒரு அண்டங்காக்கா முதுகில், இன்னொன்று தலைமாட்டில். கையை ஓங்கியதும் பறந்துவிட்டன. ஆடு கத்தக்கூட இல்லை. செம்மறி அப்படித்தான். வெள்ளாடாக இருந்தால் ஊரையே கூட்டியிருக்கும்.

அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷமாக, காக்காயிடமிருந்து வயதான ஆடுகளைக் காப்பாற்ற ஊரில் என்னென்ன சொல்வார்களோ அதில் பாதிக்கு மேல் செய்து பார்த்தாகிவிட்டது. எது காசுக்குத் தகும், எது வீண், யாருக்கு எது ஒத்துவரும் என்று எனக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. வரப்போகிற மழைக்கு முன்னால் என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் இடம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே. மணல் பூமி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, சவுக்கு, கொஞ்சம் முந்திரி. கடற்கரையில் கருவாடு காய்கிறது, உப்பங்கழியோரம் இறால் குட்டைகள், பொழுது சாய்ந்தால் அடைய சவுக்குத் தோப்பு. காக்காய்க்கு வேறென்ன வேண்டும்? பட்டியில் 26 செம்மறிகள், அநேகமாக எல்லாம் சென்னைச் சிவப்பு. கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். சின்னக் கீறல் விழுந்தாலும் மேலே பறக்கிறதன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். இந்த 26இல் 7 கிழடு.

கிழடு என்று நான் சொல்வது பல்லை வைத்து. செம்மறிக்கு ஒன்று, ஒன்றரை வயதில் முதல் ஜோடிப் பல் விழுந்து முளைக்கும். நான்கு வயது சுமாருக்கு எட்டுப் பல்லும் நிறைந்துவிடும். ஆறு, ஏழு வயதுக்கு மேல் பல் தேயும், ஆடும், ஒவ்வொன்றாகக் கொட்டும். பல் போன ஆடு குட்டைப் புல்லைக் கடிக்க முடியாமல் மெலியும். மெலிந்தால் இடுப்பெலும்பு துருத்தும். படுத்து எழும் இடத்தில் அந்த எலும்பு உரசிப் புண்ணாகும். புண்ணும் பலவீனமும் சேர்ந்தால் சீக்கிரம் எழுந்திருக்காது. காக்காய்க்குத் தேவை இந்த இரண்டும்தான்: ஒரு சிவந்த இடம், எழுந்து ஓடாத உடம்பு. எழுந்து நின்று தலையை உதறுகிற ஆட்டின் கண்ணை எந்தக் காக்காவும் கொத்தி நான் பார்த்ததில்லை.

எந்தப் பறவையைச் சொல்கிறோம் என்பதிலும் கொஞ்சம் தெளிவு வேண்டும். பக்கத்து ஊரில் ஒருவர் ஆட்டு முதுகில் எது உட்கார்ந்தாலும் கல்லெறிவார். உண்ணிக்கொக்கு ஆட்டுக் காலடியில் கிளம்பும் பூச்சியைத் தின்ன வருகிறது, அவ்வளவுதான். மைனாவும் அப்படியே. தீவனத் தொட்டியில் எச்சமிடுவதுதான் அதனிடம் இருக்கிற தொல்லை, அதற்குத் தொட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும். கரிச்சானை, இரட்டைவால் குருவி என்கிறார்களே அதை, விரட்டவே கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பருந்து குட்டி போடுகிற நேரத்தில் நஞ்சுக்கொடிக்காகத் தாழப் பறக்கும். கிழட்டு ஆட்டுக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. கடைசியில் மிஞ்சுவது இரண்டு காக்காய்கள்: கழுத்து சாம்பலாக இருக்கும் ஊர்க்காக்கா, உடம்பெல்லாம் கறுத்துத் தடித்த மூக்குள்ள அண்டங்காக்கா. முன்னது கூட்டமாக வந்து புண்ணைக் கிளறும், கூடு கட்டுகிற நாளில் முதுகு மயிரைப் பிடுங்கிக்கொண்டு போகும். பின்னது ஒன்றிரண்டாக வரும், ஆனால் மூக்குக்கு வலு அதிகம்.

நியாயமாகப் பார்த்தால் காக்கா உண்ணியும் பொறுக்குகிறது. நல்ல உடம்புள்ள ஆடுகள் சுகமாகக் காதை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதே காக்கா பக்கத்தில் புண்ணோடு படுத்திருக்கிறதைப் பார்த்தால் உத்தியோகத்தை மாற்றிக்கொள்ளும்.

முதலில், செய்யக்கூடாதது. விஷம். பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தைக் கருவாட்டில் கலந்து வைக்கச் சொல்லி ஒருவர் என்னிடமே யோசனை சொன்னார். காக்கா தின்று விழும், விழுந்ததை நாய் தின்னும், மிச்சத்தைப் பருந்தும் மயிலும் கிளறும். ஒரு குருணை தொட்டித் தண்ணீரில் விழுந்தால் நம் ஆட்டுக்கே முடிவு. சட்டமும் பழைய மாதிரி இல்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர்க்காக்கா ஐந்தாம் அட்டவணையில், அதாவது கொன்றாலும் கேள்வியில்லாத தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து அதுதான் நடைமுறை. ஏர்கன்னும் இதே கணக்கில்தான் சேரும். தவிர, எங்கள் வீட்டில் அமாவாசைக்கு முதல் கவளம் காக்காய்க்குத்தான். காலையில் தாத்தா என்று சோறு வைத்துவிட்டு மத்தியானம் விஷம் வைப்பதற்கு மாமியார் விடமாட்டார்.

அந்தச் சோற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டி வீட்டுக்குப் பின்புறம். சோறு வைப்பது கொல்லைச் சுவரில். காக்காய்க்கு எங்கள் வீடு தினசரி வந்து போகிற கடை மாதிரி ஆகியிருந்தது. "அத்தை, குளத்தங்கரைப் பக்கம் கொண்டுபோய் வைக்கலாமா?" என்று நான் கேட்டதற்கு, "முன்னோருக்கு வீட்டுச் சோறும்மா, குளத்தங்கரையில வைக்க அவங்க என்ன பரதேசியா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒரு வாரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு வீட்டு முன்வாசல் திண்ணைக்கு மாற்றினோம். மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் பட்டி ஓரத்தில் கொட்டுவதை நிறுத்தினோம். குட்டி போட்டால் நஞ்சுக்கொடியை உடனே இரண்டடி ஆழத்தில் புதைத்தோம். காசு செலவில்லாத இந்த மூன்றினாலேயே பட்டியைச் சுற்றி உட்காரும் காக்கா பாதியாகக் குறைந்தது. அப்புறம்தான் காசு செலவழிக்கிற வழிகள்.

புண் வைத்தியமும் அதே மாதிரி, எந்த வழியை எடுத்தாலும் கூடவே வரவேண்டியது. காக்கா கொத்திய புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு பொரித்துவிடும். காலையில் பட்டியைத் திறப்பதற்கு முன் கிழடுகளை மட்டும் நிறுத்தி இடுப்பு, வாலடி, காது, குளம்பிடுக்கு நான்கையும் தடவிப் பார்க்கிறேன். 7 ஆட்டுக்குப் பத்து நிமிடம். வெறும் கீறல் என்றால் வெளிர் ரோஸ் நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்துக் கழுவி, குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவுவேன். புழு வைத்திருந்தால் டர்பன்டைன் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் புண்ணில் அடைத்து, வெளியே வரும் புழுவை இடுக்கியால் எடுக்க வேண்டும். சீத்தா இலையைக் கசக்கி வைப்பவர்களும் உண்டு. ஆழமான புண், கண்ணில் காயம், எழுந்திருக்காத ஆடு என்றால் 1962க்குப் போன் போட்டுக் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கை வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஆடு உதடு வீங்கிக் காய்ச்சலோடு படுத்தால் அது நீலநாக்கு நோயாக இருக்கலாம். காக்கா அங்கே பிற்பாடு வரும் ஆள்தான்.

பயமுறுத்துகிற சாமான்கள்

இதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மல்லாட்டைக் கொல்லையில் கட்டும் பளபள ரிப்பனைப் பட்டியைச் சுற்றி ஓட்டினேன். வீட்டுக்காரரின் கிழிந்த சட்டையில் ஒரு பொம்மை செய்தேன். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் ரிப்பன் கட்டிய கம்பத்தின் மேலேயே காக்கா உட்கார்ந்து கொக்கரித்தது. பொம்மையின் வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டு போனதையும் பார்த்தேன். காக்கா ஆளை முகம் வைத்து அடையாளம் காணும் என்பதை வெளிநாட்டில் முகமூடி போட்டுச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அதற்குப் போய்ச் சட்டைப் பொம்மை.

பட்டாசு வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் காக்காயைவிட ஆடு அதிகம் பயப்படுகிறது. ஒரு வெடிக்கு மொத்த மந்தையும் மூலையில் போய் அடித்துக்கொண்டு நெருக்கியதில் சினையாடு ஒன்று கீழே விழுந்து மிதிபட்டது. நல்ல வேளை, குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழடும் சினையும் இருக்கிற பட்டியில் வெடியைத் தொடாதீர்கள். செத்த காக்காயைத் தலைகீழாகத் தொங்கவிடுவது பழைய வழி. சுற்றிலும் இருக்கிறவை கூடி இரண்டு நாள் கத்திவிட்டு ஒதுங்கும். ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். நாற்றமும் ஈயும் நமக்கு மிச்சம். புண்ணுள்ள ஆடு பக்கத்தில் இருக்கும்போது ஈயை அழைக்கிற எதுவும் நமக்கு வேண்டாம்.

பயமுறுத்தும் சாமான் எதுவானாலும் அது ஒரு வாரத்துக்குத்தான். குட்டி போடுகிற நான்கைந்து நாளைக் கடத்த, ஊசி போட்ட ஆடு தேறுகிற வரை சமாளிக்க, சரி. இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினால் இன்னும் சில நாள் நீளும். வருஷம் முழுக்க இதை நம்பிவிட்டுத் தூங்க முடியாது.

ஆளும் நாயும் கரிச்சானும்

மாமியாருக்கு 72 வயது. கையில் ஒரு சவுக்குக் கழியோடு பட்டி வாசலில் உட்கார்ந்தால் ஒரு காக்காவும் இறங்காது. இதைவிட நல்ல வழி கிடையாது என்றே சொல்வேன், அவர் உட்கார்ந்திருக்கும் வரையில். மத்தியானம் கண் அசருவார், பக்கத்து வீட்டில் பேச்சு இழுக்கும், நூறு நாள் வேலைக்குக் கூப்பிடுவார்கள். காக்காய்க்கு அந்த இடைவெளி போதும். சம்பளத்துக்கு ஆள் வைப்பது 26 ஆட்டுக்குக் கட்டாது. நூறு, நூற்றைம்பது ஆடு வைத்து மேய்ப்பவர்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் கிழடுகளை மந்தையின் கடைசியில் தனியாக விடாமல் நடுவில் விட்டு ஓட்டுவதுதான்.

அறுவடைக்குப் பிறகு காட்டுமன்னார்கோயில் பக்கம் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து வருகிற கீதாரிகளிடம் ஒரு பழக்கம் பார்த்தேன். நடக்க முடியாத குட்டிகளை மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மந்தையை ஓட்டுகிறார்கள். எல்லாவற்றையும் மூடாமல், ஓட முடியாததை மட்டும் மூடுவது. பிறகு நான் எடுத்த முடிவுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

நாயைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் நாட்டு நாய் ராத்திரி நரியையும் தெருநாயையும் அண்டவிடாது, அதற்காகவே அதற்குச் சோறு போடலாம். உண்மையில் காக்காயைவிட அதிக ஆட்டைக் கொல்வது தெருநாய்தான். ஆனால் பகல் பதினொரு மணிக்கு அது தூங்கும். காக்கா அதன் தட்டிலேயே சோறு தின்னும், துணிந்தால் வாலையும் இழுக்கும்.

இனி கரிச்சான். கூடு வைத்திருக்கிற கரிச்சான், தன்னைப்போல் இரண்டு மடங்கு இருக்கிற காக்காயையும் பருந்தையும் முதுகில் கொத்தி விரட்டும். புறாவும் மாங்குயிலும் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் கூடு வைப்பதே அந்தப் பாதுகாப்புக்காக என்பார்கள். நெல் வயலில் பூச்சி பிடிக்க ஆங்கிலத்து டி எழுத்துப் போலக் குச்சி நட்டு வைக்கச் சொல்கிறார்களே, அந்தப் பறவைத் தாங்கியை நான் பட்டியின் நாலு மூலையிலும் நட்டேன். இரண்டில் வந்து உட்கார்ந்தது. சித்திரையில் பக்கத்துப் பூவரசில் கூடும் வைத்தது. ஆனி வரைக்கும் அந்தப் பக்கம் காக்கா தாழவே இல்லை. செலவு நாலு குச்சி. குறை என்னவென்றால், குஞ்சு பறந்ததும் அதற்கு அந்த வீராப்பு குறைந்துவிடும். நமக்கு ஆபத்தான ஐப்பசியில் அது பூச்சி பிடித்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். காக்காயும் சித்திரை வைகாசியில்தான் கூடு வைத்து மயிர் பிடுங்க வரும் என்பதால், வெயில் காலத்துக்கு இது நல்ல துணை. இருக்கிற மரத்தை வெட்டாமல் இருந்தாலே போதும். எங்களுக்கு அந்த ஒரு பூவரசுதான் மிஞ்சியது. பட்டிக்குமேல் கூரை போலக் கவிந்து நின்ற மற்ற மரங்களை 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் ஒரே காலையில் சாய்த்துவிட்டுப் போனது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய புயல் அது. இந்த மாவட்டத்தில் முந்திரி, பலா வைத்திருந்த யாருக்கும் அந்த நாளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வலை, நரம்பு, கூரை

புயலை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. மேலே எதைப் போட்டாலும் இந்தக் கடற்கரையில் காற்றை யோசிக்காமல் போட முடியாது. முழுப் பட்டிக்கும் தகரக் கொட்டகை போட்டுவிடலாம் என்று முதலில் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். தகரம் வெயிலில் கொதிக்கும், காற்றில் பிடுங்கினால் கத்தி மாதிரி பறக்கும், செலவோ நான்கு ஆட்டின் விலை. அதைக் கைவிட்டோம். தென்னங்கீற்றுக் கொட்டாய் குளிர்ச்சி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வேய வேண்டும், மழையில் ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் திறந்த பக்கத்தில் காக்கா நடந்தே உள்ளே வந்துவிடும். கூரை மட்டும் காவல் ஆகாது.

வலை எங்கள் ஊரில் சுலபம். கடலூர் முதுநகரிலும் அன்னங்கோயில், முடசலோடை பக்கமும் கழித்த மீன்வலை எடைக்குக் கிடைக்கும். ஆனால் வலை என்றால் எல்லாம் ஒன்றில்லை. வஞ்சிர வலையின் கண் பெரிது. காக்கா தலையை நுழைத்து மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கத்தும், ஊர்க்காக்கா மொத்தமும் துக்கம் விசாரிக்க வந்துவிடும். கவலை மீன் வலை சிறுகண், ஆனால் தங்கூசியில், அதாவது மெல்லிய நைலான் நரம்பில், பின்னியது என்றால் பறவைக் கண்ணுக்கே தெரியாது. ஆந்தை, மரங்கொத்தி எல்லாம் சிக்கும். எனக்குப் பிடித்தது இழுவைமடி வலையின் பின்பகுதி. தடித்த முறுக்கு நூல், பச்சையோ நீலமோ நிறம் தெரியும், கண் இரண்டு விரலுக்கு மேல் இருக்காது. வாங்கியதும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு அலசுங்கள். மீன் நாற்றம் இருந்தால் பூனையும் காக்காயும் தேடிவரும், உப்புக்காக ஆடு வலையை நக்கும்.

ஆடு வலையை மெல்லுவதுதான் இதில் இருக்கிற நிஜமான ஆபத்து. பல் போன ஆட்டுக்கு மெல்ல முடியாது, இழுத்து விழுங்கப் பார்க்கும். நைலான் நூல் வயிற்றில் போய்ச் சுருண்டால் கதை முடிந்தது. அதனால் பக்கவாட்டில் வலை கட்டும்போது கீழே மூன்றடிக்கு மூங்கில் பிளாச்சு அடைப்பு, அதற்கு மேலேதான் வலை. தரை வரை தொங்கவிட்டால் சாரைப்பாம்பும் சிக்கும். ஒருமுறை அதை அறுத்து விடுவிக்க ஒரு மணி நேரம் போனது எங்களுக்கு. மேல்வலை ஏழடி உயரத்தில், தொய்வில்லாமல். தொய்ந்தால் காக்கா அதன் மேல் உட்கார்ந்து கீழே எட்டிக் கொத்தும், கிடாயின் கொம்பும் மாட்டும்.

நரம்பு யோசனை இறால் குட்டைக்காரர்களிடமிருந்து வந்தது. வெள்ளைப்புள்ளி நோய் வந்த குட்டையிலிருந்து காக்கா இறாலைத் தூக்கிப்போய் அடுத்த குட்டையில் போட்டால் அங்கேயும் நோய் போகும் என்று அவர்கள் குட்டைக்கு மேலே குறுக்காக வரிவரியாகக் கயிறோ நரம்போ கட்டுவார்கள். இறங்கும்போது இறக்கையில் எதுவோ தட்டுகிறது என்றால் காக்காய்க்குச் சந்தேகம் வந்துவிடும். எங்கள் பட்டி 30 அடி நீளம், 20 அடி அகலம். அகலவாக்கில் அடிக்கு ஒரு வரி என்று 31 வரி கட்டினோம். 100 மீட்டர் தங்கூசிச் சுருள் இரண்டு வாங்கியதில் முடிச்சுக்கு மட்டும் கொஞ்சம் பற்றாமல் போனது. அரை நாள் வேலை. காற்றுக்கு எதிர்ப்பே இல்லை, மழை தேங்காது, ஆட்டுக்கு எட்டாது, பறவையும் மாட்டாது.

எட்டு நாள் ஒரு காக்காவும் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் ஒன்று வேலியோரம் தரையில் இறங்கி, மூங்கில் இடுக்கு வழியாகக் கைகட்டி நடக்கிற பெரிய மனுஷர் மாதிரி உள்ளே நடந்து வந்தது. அதன் பிறகு அந்த ஒன்று மட்டும் தினமும் வரும். கூட்டமாக வருவது நின்றுவிட்டது. நரம்பு முழுக்காவல் இல்லை, ஆனால் முக்கால் காவல். ஓடத் தெம்புள்ள ஆடுகளுக்கு அது தாராளமாகப் போதும். எழ முடியாததற்கு அந்த ஒரு காக்காவே எமன்.

ஆக நாங்கள் கடைசியில் செய்தது இரண்டையும் பிரித்துக்கொண்டதுதான். முழுப் பட்டிக்கும் நரம்பு. பூவரசு நிழல் விழும் மூலையில் 10 அடிக்கு 8 அடி தடுத்து, மேலேயும் நாலு பக்கத்திலும் வலை, பாதிக்குக் கீற்றுக் கூரை, தரையில் ஆற்று மணல் கொட்டி மேடு. அன்றைக்கு எந்த ஆடு நொண்டுகிறதோ, புண் வைத்திருக்கிறதோ, குட்டி போடப்போகிறதோ அது அந்த மூலைக்கு. ஒரு சமயத்தில் மூன்றுக்கு மேல் இருந்ததில்லை. வயதான தாயாடு குட்டி போடச் சுணங்கும், வலி எடுத்துப் பாதியில் படுத்திருக்கும்போதுதான் காக்கா குட்டியின் நாக்கையும் தாயின் பின்புறத்தையும் கொத்தும். அதனால் கிடாய் சேர்ந்த நாளைக் குறித்து வைத்து, ஐந்து மாதம் நிறைவதற்கு ஒரு வாரம் முன்பே உள்ளே விட்டுவிடுவேன்.

உள்ளே வெறும் காவல் போதாது, தீனி வேண்டும். ஊறவைத்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் தவிடு பிசைந்து காலை மாலை, நடுவில் கிள்ளிப்போட்ட அகத்தி. பல் இல்லாததற்கு இது இறங்கும். பத்து நாளில் தேறி எழுந்து நின்றுவிட்டால் காவலே வேண்டாம், வெளியே விட்டுவிடலாம்.

விற்றுவிடுவது

இதையும் ஒரு வழியாக வைத்துப் பார்க்காமல் இருப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு எங்களிடமிருந்து தூரம்தான், வண்டி வாடகையைப் பங்கு போட ஆள் சேர்ந்தால் கட்டுப்படியாகும். பல் கொட்டிய ஆட்டை வியாபாரி வாயைத் திறந்து பார்த்த உடனே விலை இறங்கும். ஆனாலும் ஆடி, புரட்டாசிக்கு முன்னால், புல் தின்று உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும்போது கொடுத்தால் கறிக்காவது மதிப்பார்கள். மழையில் மெலிந்து புண்ணோடு நிற்கும்போது கொடுத்தால் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். கண் போய்விட்டால் அதுவும் இல்லை. ஒற்றைக்கண் ஆட்டைக் குர்பானிக்கு எடுக்க மாட்டார்கள், குலசாமிக்கும் நேர்ந்து விடமாட்டார்கள். காக்காயின் ஒரு கொத்தில் சந்தை விலையில் எவ்வளவு போகிறது என்பதை அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன்.

யார் விற்கலாம்? பகலில் வீட்டில் ஆளே இல்லாதவர்கள், மூலை கட்ட இடமில்லாதவர்கள், பத்துக்கு மேல் கிழடு வைத்திருப்பவர்கள். யார் வைத்துக்கொள்ளலாம்? இரட்டைக் குட்டி போட்டு இரண்டுக்கும் பால் கொடுத்து வளர்க்கிற தாயாடுகள் மந்தைக்கு இரண்டு மூன்று இருக்கும். அவற்றை இன்னும் ஒன்றிரண்டு ஈத்துக்கு வைத்திருந்தால் வலைச் செலவுக்கு மேலேயே திரும்பக் கொடுத்துவிடும். நாங்கள் இந்த ஆடியில் 7இல் 4ஐ விற்றோம். மூன்றை நிறுத்திக்கொண்டோம்.

ஐந்தாறு ஆடு மட்டும் வைத்திருக்கிறவர்கள் நரம்பு, வலை எதற்கும் போகவேண்டாம். திண்ணை ஓரத்தில் ஒரு கீற்று மறைப்பு, சந்தேகமான நாளில் ஆட்டை அங்கே கட்டினால் போதும், வீட்டில் நாலு பேர் நடமாடுகிற இடத்துக்குக் காக்கா வராது. 15இலிருந்து 50 வரை இருந்தால் எங்கள் ஏற்பாடு. அதற்கு மேல் போனால் நரம்பு கட்டுகிற பரப்பு பெரிதாகும், அங்கே மூலையை மட்டும் பெரிதாகக் கட்டி, மீதிக்கு மேய்ப்பவர் கண்ணையே நம்பலாம். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மூலையைக் கட்டுங்கள், நரம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிறுத்திக்கொண்ட மூன்றில் அந்த ஒற்றைக்கண் ஆடும் உண்டு. விற்றாலும் விலை போகாது என்பது வீட்டுக்காரரின் காரணம். எனக்கு வேறு காரணம் இருக்கிறது, அதை அவரிடம் சொல்லவில்லை. குருட்டுப் பக்கத்திலிருந்து யார் போனாலும் அது மிரள்கிறது என்பதால் மூலையின் கதவை அதன் நல்ல கண் பக்கமாக மாற்றி வைத்திருக்கிறோம். வெயிலில் தங்கூசி இரண்டு வருஷத்தில் நொறுங்க ஆரம்பிக்கும் என்று குட்டைக்காரர் சொன்னார். புரட்டாசி முடிவதற்குள் 31 வரியையும் ஒருமுறை விரலால் சுண்டிப் பார்த்து, அறுந்ததை மாற்ற வேண்டும்.